அவதாரம்னா அசுரனைக் கொல்றது மட்டும்தானா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பரோட ஆன்மிக சப்ளிமென்ட்ல தசாவதாரம் பத்தி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்துச்சு. மீன்ல ஆரம்பிச்சு ஆமை, பன்றி, நரசிம்மர், வாமனர், பரசுராமர், ராமர்னு வரிசையா படம் போட்டு, டார்வின் சொல்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே நம்ம முன்னோர்கள் பரிணாமத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு எழுதியிருந்தாங்க. நடுவுல ஒரு பாக்ஸ், அதுல அவதாரத்தோட நோக்கம் தீயவங்களை அழிக்கிறதுன்னு ஒத்தை வரி. ரெண்டுமே மனசுக்கு ஒப்பல, அதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

முதல்ல டார்வின் விஷயம். அவரோட புஸ்தகம் வந்தது 1859ல. தசாவதாரத்தையும் பரிணாமத்தையும் சேர்த்துப் பேசறது அதுக்கப்புறம் வந்த பேச்சுதான், 1877ல தியாசபிகல் சொசைட்டியைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான பிளாவட்ஸ்கி அம்மையார் தன்னோட புஸ்தகத்துல அப்படி எழுதினாங்க, 1882ல வங்காளத்துல பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென்னும் பேசினார். அதே 1882லதான் பிளாவட்ஸ்கியோட தியாசபிகல் சொசைட்டி நம்ம அடையாறுக்கு வந்துச்சு. வெள்ளைக்காரன் நம்ம சாமியைப் பாத்து மூடநம்பிக்கைன்னு சொன்ன காலத்துல, எங்க சாமியும் சயின்ஸ்தான்னு காட்டணும்னு அந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தோணியிருக்கு, அந்த ஆதங்கம் எனக்குப் புரியுது. ஆனா இன்னிக்கும் அதையே திருப்பித் திருப்பி எழுதறது சயின்ஸுக்கும் நல்லதில்ல, பக்திக்கும் நல்லதில்ல.

புராணத்தையே எடுத்து வெச்சுப் பாருங்களேன். வராகர் வந்தது இரணியாட்சனுக்காக, நரசிம்மர் வந்தது அவனோட கூடப்பிறந்த இரணியகசிபுவுக்காக, இரணியகசிபு பையன் பிரகலாதன், பிரகலாதன் பையன் விரோசனன், விரோசனன் பையன் மகாபலி, அந்த மகாபலி கிட்டதான் வாமனர் போய் 3 அடி மண் கேட்டார். அதாவது பன்றி, சிங்கம், குள்ள பிரம்மச்சாரி இந்த மூணுமே ஒரே குடும்பத்துல 4 தலைமுறைக்குள்ள வந்து நின்ன அவதாரம். இதுல பரிணாமம் எங்க இருக்கு? பரசுராமர் சீதா கல்யாணம் முடிஞ்சு திரும்பற வழியில ராமரை மறிக்கிறார், அவரே மகாபாரதத்துல பீஷ்மருக்கும் கர்ணனுக்கும் வில் சொல்லிக் குடுக்கிறார், பலராமனும் கண்ணனும் கூடப்பிறந்தவங்க. ஒருத்தர் போய் இன்னொருத்தர் வர்ற ஏணிப்படி மாதிரியா இருக்கு இது? பாகவதத்துல முதல் ஸ்கந்தத்துலயே 22 அவதாரம் எண்ணிச் சொல்லியிருக்கு, அதுல நாரதர் இருக்கார், கபிலர் இருக்கார், தத்தாத்ரேயர், ரிஷபர், தன்வந்திரி, மோகினி, வியாசர் எல்லாரும் இருக்காங்க, இவங்களை எந்தப் படத்துல எங்க வெப்பீங்க. சொல்லி முடிச்சிட்டு அந்தப் புராணமே அவதாரத்துக்குக் கணக்கே இல்லன்னும் சொல்லிடுது.

பத்துன்னு எண்ணினாலும் எல்லா ஊர்லயும் ஒரே பத்து கிடையாது. மாமல்லபுரத்துல ஆதிவராகர் குகைக் கோயில் இருக்கில்ல, அங்க பல்லவர் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு அவதாரம் பத்தையும் வரிசையா சொல்லுது: மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மர், வாமனர், அப்புறம் ராமன், ராமன், ராமன், புத்தர், கல்கி. மூணு ராமன்னா பரசுராமன், தசரத ராமன், பலராமன். கண்ணன் அதுல இல்லவே இல்ல, புத்தர் இருக்கார். திருமங்கையாழ்வார் திருக்கண்ணபுரத்துல நின்னு பாடறப்போ மீனோடு ஆமை கேழல் அரி குறள்னு ஆரம்பிச்சு முன்னும் இராமன், தான் (தசரத ராமன்), பின்னும் இராமன், தாமோதரன், கற்கின்னு (கல்கி) முடிக்கிறார், இதுல புத்தர் இல்ல, கண்ணன் இருக்கார். பெரியாழ்வாரும் ஸ்ரீரங்கத்தைப் பாடறப்போ இந்தக் கணக்குலதான் வர்றார். 12ஆம் நூற்றாண்டுல கீத கோவிந்தம் பாடின ஜெயதேவர் பலராமனையும் புத்தரையும் ரெண்டு பேரையும் சேர்த்துக்கிட்டார், கண்ணன்தான் பத்துக்கும் மூலம்னு அவரை வரிசைக்கு வெளிய வெச்சுட்டார், யாகத்துல மிருகங்களைக் கொல்றதைப் பாத்து இரக்கப்பட்டவர்னு புத்தரைப் போற்றவும் செஞ்சார். அவங்கவங்க சாமியை எப்படிப் பாத்தாங்களோ அப்படி வரிசை போட்டாங்க, அதுக்காக ஒருத்தரை ஒருத்தர் தப்புன்னு சொல்லல.

இந்தக் கதைகள்ல சிலது ரொம்பப் பழசு. யஜுர் வேதத்தைச் சேர்ந்த சதபத பிராமணத்துல மனுவைக் காப்பாத்தற மீன் வருது, ஆனா அது விஷ்ணுன்னு அங்க சொல்லல, ஆமையும் பன்றியும் படைப்புக் கடவுளான பிரஜாபதியோட சேர்ந்து வருது, பின்னாடி காலத்துலதான் எல்லாம் திருமால் கிட்ட வந்து சேர்ந்துச்சு. தமிழ்ல பாத்தா உலகளந்த கதை சங்க காலத்துலயே இருக்கு, முல்லைப்பாட்டு ஆரம்பமே அதுதான், கையில தாரை வார்த்த தண்ணி விழுந்த உடனே நிமிர்ந்து வளர்ந்த மால் மாதிரி மேகம் எழும்புச்சுன்னு புலவர் சொல்றார். திருக்குறள்லயும் சோம்பல் இல்லாத ராஜாவைப் பத்திப் பேசற எடத்துல அடியளந்தான்னு வருது. கேக்கறவங்களுக்கு அந்தக் கதை ஏற்கனவே தெரிஞ்சிருந்ததால விளக்கமே குடுக்காம போற போக்குல சொல்லியிருக்காங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், அந்த பாக்ஸ்.

தீயவங்களை அழிக்கிறதுக்குத்தான் கடவுள் அவதாரம் எடுக்கறார்னா ஒரு சின்னப் பிள்ளை கூட ஒரு கேள்வி கேக்கும். சர்வ சக்தி உள்ளவர், உக்காந்த எடத்துல இருந்து நினைச்சா போதும், இராவணன் இல்லாம போயிடுவான், அதுக்கு எதுக்கு பத்து மாசம் வயித்துல இருந்து, பிறந்து, காட்டுக்குப் போய், பொண்டாட்டியைப் பறிகுடுத்து அழுது, குரங்குகளைக் கூட்டிட்டு கடல்ல அணை கட்டி இவ்வளவு கஷ்டப்படணும்? இதை நம்ம பெரியவங்க கேக்காம விடல. கீதை 4ஆம் அத்தியாயத்துல சாதுக்களைக் காக்க, கெட்டவங்களை அழிக்க, தர்மத்தை நிலைநிறுத்த யுகந்தோறும் பிறக்கறேன்னு கண்ணன் சொல்றார், எல்லாருக்கும் தெரிஞ்ச சுலோகம், சீரியல்லயே ஆயிரம் தடவை கேட்டிருப்போம். அதுக்கு ராமானுஜர் பண்ணின உரையைப் பாக்கணும். சாதுன்னா யாருன்னா, என்னைப் பாக்காம, என்னோட பேசாம ஒரு நொடி கூட ஆயிரம் கல்பமா நகர்றவங்க, அவங்களுக்கு என் உருவத்தையும் என் செய்கையையும் கண்ணுல காட்டணும், அவங்களோட பேசணும், அதுக்குத்தான் நானே நேர்ல வர்றேன்னு சொல்றதா அவர் விளக்கம் போகுது. கெட்டவங்களை அழிக்கிறதும் நடக்குது, ஆனா நேர்ல வந்தாத்தான் முடியும்னு இருக்கறது அந்த சாதுக்களைப் பாக்கறது மட்டும்தான்.

ராமானுஜருக்கு முன்னாடியே இதை நம்மாழ்வார் தமிழ்ல சொல்லிட்டார். கஜேந்திரன் யானை கதை. முதலை வாயில காலைக் குடுத்துட்டு யானை கூப்பிடுது. பெருமாள் இருந்த எடத்துலயே இருந்து முதலையை முடிச்சிருக்கலாம். கருடன் மேல ஏறி ஓடி வர்றார். ஆழ்வார் அவரைப் பாத்துச் சொல்றார், "மழுங்காத ஞானமே படையாக" நீ அங்க இருந்தே காரியத்தை முடிச்சிருந்தா உன் சுடர்ச்சோதி மறைஞ்சு போகாதான்னு. உன் பெருமையே நீ வந்ததுலதான்யா இருக்குன்னு அர்த்தம். இந்தப் பாசுரத்துக்கு பெரியவங்க வியாக்கியானம் சொல்லிக் கேக்கறப்பல்லாம் எனக்குக் கண்ணு கலங்கிடும், கூட உக்காந்து கேக்கறவங்களுக்கும் அப்படித்தான்.

கொல்றதுதான் நோக்கம்னா கூர்மம் யாரைக் கொன்னுச்சு? மலையை முதுகுல தாங்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். வாமனர் மகாபலியைக் கொல்லல. பாகவதத்துல அவனை சுதலம்ங்கற கீழ் லோகத்துக்கு அனுப்பிட்டு அவன் வாசல்ல தானே காவலுக்கு நிக்கிறார். வாங்கினவர் குடுத்தவன் வீட்டுக்குக் காவல்காரர் ஆயிட்டார், இதை விட்டுட்டு மகாபலி வதம்னு எழுதினா எப்படி சார் (அந்தக் கட்டுரையில வதம்னுதான் இருந்துச்சு). வாழ்நாளெல்லாம் கண்ணனைத் திட்டின சிசுபாலன் கூட செத்த உடனே அவன் உயிர் ஒளியா கண்ணன் கிட்டயே போய்ச் சேர்ந்துச்சுன்னுதான் கதை முடியுது. எதிரியா வந்தவனும் கடைசில வீட்டுக்குத்தான் போறான்.

கண்ணன் கிட்ட நம்மாழ்வாரை அசைச்சது கம்ச வதம் இல்ல. வெண்ணெய் திருடி மாட்டிக்கிட்டு, அம்மா கையால உரல்ல கட்டுப்பட்டு, அந்த உரலோட உரலா ஏங்கி அழுதுட்டு நின்ன கண்ணன்தான். "பத்துடை அடியவர்க்கு எளியவன்"னு ஆரம்பிக்கிற அந்தத் திருவாய்மொழியில "எத்திறம்"னு ஒரு சொல் வரும், இது என்னய்யா தன்மைன்னு சொன்னவர் அதோட 6 மாசம் மயங்கிக் கிடந்தார்னு சம்பிரதாயத்துல சொல்லுவாங்க. அவரோட சிஷ்யர் மதுரகவி பாடினது மொத்தமே 11 பாட்டு, அதுவும் அந்தக் கண்ணி நுண் சிறுத்தாம்புலதான் ஆரம்பிக்குது, உலகத்தையே கட்டி ஆள்றவரை ஒரு துண்டுக் கயிறு கட்டிப்போட்டுச்சு. ஆண்டாள் திருப்பாவையில ஒருத்தி மகனாய்ப் பிறந்து ஓரிரவில் ஒருத்தி மகனாய் ஒளித்து வளரன்னு பாடறா, பிறந்த ராத்திரியே அம்மாவை விட்டுட்டு இன்னொரு வீட்டுல ஒளிஞ்சு வளர வேண்டி வந்துச்சேன்னு அந்தப் பொண்ணுக்கு அவ்வளவு ஆத்தாமை. எளிமைன்னு நம்ம ஆளுங்க சொல்றது இதைத்தான், இதை விட்டுட்டு அவதாரம் பத்தி எழுதினா உள்ள ஒண்ணுமே இல்லாம போயிடுது.

கட்டுரையில சுத்தமா வராத இன்னொரு விஷயம் அர்ச்சாவதாரம். வைஷ்ணவத்துல பெருமாளுக்கு 5 நிலை சொல்லுவாங்க, பரமபதத்துல இருக்கறது, பாற்கடல்ல இருக்கறது, ராமர் கண்ணன் மாதிரி வந்தது, நெஞ்சுக்குள்ள இருக்கறது, கோயில்ல விக்கிரகமா இருக்கறது. கோயில்ல இருக்கறதும் அவதாரம்தான், பொம்மையோ அடையாளமோ இல்ல. பொய்கையாழ்வார் "தமர் உகந்தது எவ்வுருவம் அவ்வுருவம் தானே"ன்னு சொல்லிட்டார், தன்னோட ஆளுங்க எந்த உருவத்தை ஆசைப்பட்டாங்களோ அந்த உருவம், எந்தப் பேர் வெச்சாங்களோ அந்தப் பேர். வைஷ்ணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தன்னோட ஸ்ரீவசன பூஷணம்ங்கற நூல்ல தாகம் எடுத்தவனை வெச்சு இதை விளக்கறார். நெஞ்சுக்குள்ள இருக்கறவர் பூமிக்கடியில இருக்கற தண்ணி, பரமபதத்துல இருக்கறவர் அண்டத்துக்கு வெளிய இருக்கற தண்ணி, அப்புறம் பாற்கடல், ராமரும் கண்ணனும் பெருக்கெடுத்து ஓடின ஆறு, அந்தக் காலத்துல கரையில இருந்தவங்க குடிச்சாங்க, நாம லேட்டா வந்துட்டோம், நமக்கு அந்த ஆத்துல தேங்கி நிக்கிற மடு இருக்கே அதுதான் கோயில் பெருமாள். குனிஞ்சு கையால அள்ளிக் குடிக்கலாம்.

இதை எழுதினவர் கடைசிக் காலத்துல என்ன பண்ணினார்னு தெரிஞ்சா அந்த வார்த்தைக்கு இன்னும் கனம் கூடும். 1323ல டெல்லிப் படை ஸ்ரீரங்கத்துக்கு வந்தப்போ, தள்ளாத வயசுல அவர் உற்சவரை (ஊர்வலத்துக்கு எழுந்தருளற விக்கிரகம்) தூக்கிக்கிட்டு சில பேரோட தெக்கே கிளம்பினார். காடும் மேடுமா நடந்து மதுரை ஆனைமலைப் பக்கம் ஜோதிஷ்குடின்னு ஒரு எடம், இப்ப கொடிக்குளம்னு சொல்றாங்க, அங்கயே உயிரை விட்டார். பெருமாள் மட்டும் கேரளா, மேல்கோட்டை, திருமலை, செஞ்சின்னு ஊர் ஊரா போய் 1371லதான் விஜயநகரத் தளபதி கோபண்ணா மூலமா திரும்பி வந்தார், அந்தக் கல்வெட்டு ஸ்ரீரங்கத்துல இன்னிக்கும் இருக்கு. 48 வருஷம் ஆயிடுச்சு, பழைய ஆளுங்க யாரும் இல்ல, வந்திருக்கறது நிஜமாவே நம்ம பெருமாள்தானான்னு ஊர்ல சந்தேகம். பெருமாளோட துணி துவைக்கிற வயசான ஒருத்தர் இருந்தார், கண்ணு தெரியாது, திருமஞ்சனம் பண்ணின ஈரத்துணியைப் பிழிஞ்சு வாயில விட்டுப் பாத்துட்டு, அந்த வாசனையை வெச்சே இவரே நம்பெருமாள்னு சொன்னார்னு கோயில் வரலாறு சொல்லுது. நம்பெருமாள்ங்கற பேரே அவர் வெச்சதுதான். காப்பாத்தற சாமியை மனுஷங்க தூக்கிக்கிட்டு ஓடிக் காப்பாத்தினாங்க, அடையாளம் சொல்ல வேண்டி வந்தப்போ பண்டிதர் யாரும் சொல்லல, வண்ணார் ஒருத்தர்தான் சொன்னார். அவதாரம்னா என்னன்னு எனக்கு எந்தப் புஸ்தகத்தை விடவும் இந்த 48 வருஷக் கதைதான் புரிய வெச்சுது.

2019ல காஞ்சிபுரத்துல அத்திவரதர் அனந்தசரஸ் குளத்துல இருந்து வெளிய வந்தப்போ ஜூலை 1ல இருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் எவ்வளவு கூட்டம்னு நம்ம பேப்பர்லயே தினம் போட்டீங்க. அதுக்கு முன்னாடி 1979ல வந்தவர். அந்த வெயில்ல மணிக்கணக்கா நின்னவங்க யாருக்கும் பரிணாமமும் தேவைப்படல, அசுரனும் ஞாபகம் வரல, தண்ணிக்குள்ள இருந்தவர் நம்மளைப் பாக்க வந்திருக்கார், நாம போய்ப் பாக்கணும், அவ்வளவுதான் அவங்க நினைச்சது.

சைவத்துல இதுக்கு வேற வழி, அதையும் கட்டுரையில சொல்லியிருக்கலாம், இந்து மதம்னு தலைப்பு வெச்சுட்டு ஒரு பக்கத்தை மட்டும் எழுதக்கூடாதில்லையா. தமிழ் சைவத்துல சிவன் கருவுல பிறக்கறதே கிடையாது, சிலப்பதிகாரத்துலயே இளங்கோவடிகள் "பிறவா யாக்கைப் பெரியோன்"னு சொல்லிட்டார். சைவ சித்தாந்தக்காரங்களும் அவதாரத்தை ஒத்துக்க மாட்டாங்க. ஆனா வர்றதை நிறுத்தினாரா சிவன்? திருப்பெருந்துறையில குருந்த மரத்தடியில மாணிக்கவாசகருக்குக் குருவா வந்தார். மதுரையில வந்திக் கிழவிக்கு ஆள் இல்லன்னு கூலியாளா வந்து, உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்னுட்டு வைகைக் கரையில மண்ணு சுமந்து, பாண்டியன் கையால பிரம்படியும் வாங்கினார், ஆவணி மாசம் பிட்டுத் திருவிழா இப்பவும் நடக்குது. உரல்ல கட்டுண்டவரும் பிரம்படி பட்டவரும் எனக்கு ரொம்பத் தூரத்துல தெரியல.

இதை எல்லாம் சொல்லிட்டு ஒண்ணை மறைச்சா நான் நேர்மையா எழுதினதா ஆகாது. எல்லாரும் அள்ளிக் குடிக்கலாம்னு சொன்ன மடுவைச் சுத்தி நாமதான் வேலி போட்டோம். பாணர் குலம்னு சொல்லித் திருப்பாணாழ்வாரைக் காவேரிக் கரையிலயே நிறுத்தி வெச்சோம், கோயில் அர்ச்சகர் லோகசாரங்க முனிவர் தோள்ல தூக்கிட்டு உள்ள போகணும்னு பெருமாளே சொல்ல வேண்டி வந்துச்சு. திருவிதாங்கூர்ல கோயில் கதவு எல்லாருக்கும் திறந்தது 1936ல, மதுரை மீனாட்சி கோயில்ல வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டவங்களைக் கூட்டிட்டுப் போனது 1939 ஜூலை 8. இறங்கி வந்தவரைப் போய்ப் பாக்க விடாம வெச்சது அவதாரத்துக்கே பண்ணின துரோகம், இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்ல.

தெக்கே அந்த வேலிக்கு வெளிய நின்ன ஜனங்க நடுவுலதான் இன்னொரு அவதாரம் பேசப்பட்டுச்சு. அய்யா வைகுண்டர், 1809ல சாமித்தோப்புல பிறந்தவர், 1833 மாசி 20 அன்னிக்கு திருச்செந்தூர் கடல்ல இருந்து நாராயணரோட அவதாரமா வெளிய வந்தார்னு அய்யாவழி மக்கள் நம்பறாங்க. தலையில துணி கட்டக்கூடாதுன்னு ஒதுக்கப்பட்ட ஆம்பளைங்களைத் தலைப்பாகை கட்டிட்டு வந்து கும்பிடுன்னார், எல்லா சாதியும் ஒண்ணா தண்ணி எடுக்கற கிணறு வெட்ட வெச்சார், கும்பிடற எடத்துல விக்கிரகத்துக்கு பதிலா கண்ணாடி வெச்சார், திருவிதாங்கூர் அரசாங்கம் அவரைப் பிடிச்சு ஜெயில்ல போட்டுச்சு. கத்தி எடுக்காத அவதாரம். கண்ணாடி முன்னாடி நின்னா உள்ள இருக்கற நாராயணரோட உன் முகமும்தான் தெரியும், அதை விட இன்னும் எவ்வளவு கிட்ட வர முடியும் ஒரு சாமியால. தசாவதாரப் பட்டியல்ல இவர் பேர் கிடையாது, ஆனா கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி ஜில்லாவுல லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அவதாரம்னா இவர்தான், கட்டுரையில ஒரு வரி கூட இல்ல.

வர்ற மாசி 20 அன்னிக்கு நாகர்கோவில்ல இருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகும், தலைப்பாகையும் காவிக் கொடியுமா சின்னவங்க பெரியவங்க எல்லாரும் நடந்து போவாங்க. தயவு பண்ணி ஒரு நிருபரையும் போட்டோகிராபரையும் அங்க அனுப்பி, அவங்க கிட்டயே பேசி, முழுப் பக்கம் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
நம்ம பேப்பரோட நீண்ட நாள் வாசகர்,
திருச்சி.